தேர்ட் பார்ட்டி என்பவர் யார்?

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரு வாசகி என்னைப் பிடித்துக்கொண்டார். புத்தூர்க்காரராம். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பாராம்.

"ஏம்மா, நாப்பத்தி நாலு வயசுல கார் ஓட்டக் கத்துக்கினேன்னு அத்தினி பெருமையா எழுதினீங்களே... அதுக்கப்புறம் காரைப் பத்தி ஒரு வரி கூடக் காணோமே? வித்துட்டீங்களா?"

விற்கவில்லை. மறைத்தேன்.

கேஸ் நடந்துகொண்டிருந்தது. எதையாவது எழுதி, அதை யாராவது கோர்ட்டில் நீட்டிவிட்டால்? அந்தப் பயம். வாசகி கேட்டதற்கு முந்தின நாள்தான் எல்லாம் முடிந்திருந்தது. இனிமேல் சொல்லலாம். ஆனால் ஒன்று — நடந்தது எனக்கே முழுதாகப் புரிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்று மாம்பழ சீசனுக்கு முன்னால், பலமநேரில் என் நாத்தனார் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். என் கணவருக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் வேலை. வெளிநாட்டிலிருந்து யாரோ ஆடிட்டுக்கு வருகிறார்கள், லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நீயே ஓட்டிக்கினு போயேன் கலா. எத்தினி நாளைக்குத்தான் நம்ம தெருவையே சுத்தி வருவே?" என்றார்.

ரோஷம் வந்துவிட்டது. சீர்த் தட்டை — புடவை, வாழைப்பழம், பூ, வெற்றிலை, இரண்டு தேங்காய் — பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சித்தூர் தாண்டும்வரை பிரமாதம். பங்காருபாளையம் நெருங்கும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் மாங்காய்க் குவியல். டிராக்டர்கள், ஆட்டோக்கள், லாரிகள். ஒரு பள்ளத்தில் கார் குலுங்கியது. தட்டு சரிந்தது. ஒரு தேங்காய் உருண்டு என் கால் பக்கம் வந்தது.

பிரேக்குக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால்? குனிந்தேன். ஒரு நொடி... இரண்டு நொடி இருக்குமா? நிமிர்ந்தபோது முன்னால் ஒரு மொபெட்.

இடித்தேன். பதறி ஸ்டீயரிங்கைத் திருப்பியதில் நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரிலும் போய் மோதினேன். முன் கண்ணாடி முழுக்க விரிசல்.

இறங்கிப் பார்த்தால் ரோட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். வலது கை முழங்கைக்குக் கீழே, கை வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. மண்டிக்காரர்கள் அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலியேம்மா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் கால் மணி நேரம் கழித்து ஒரு கான்ஸ்டபிள் வந்து, "மேடம், மீரு டென்ஷன் படகண்டி, பதட்டப்படாதீங்க. எப்படி ஆச்சு, சொல்லுங்க" என்று நோட்டைத் திறந்தபோது மட்டும் பதில் உடனே வந்தது.

"அவர் திடீர்னு குறுக்க வந்துட்டாருங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாய் தானாகச் சொன்னது.

மறுநாள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் பாஸ்கர் வீட்டுக்கு வந்தார். கையில் நான்கு பக்கப் படிவம். எனக்குப் பாடம் நடத்தினார்.

"உங்க காருக்கு ஆன டேமேஜ் 'ஓன் டேமேஜ்', மேடம். அது தனி. அடிபட்ட ஆளுக்கு ஆனது 'தேர்ட் பார்ட்டி'. அது தனி. ரெண்டையும் கொழப்பிக்காதீங்க."

"தேர்ட் பார்ட்டின்னா?"

"ஃபர்ஸ்ட் பார்ட்டி நீங்க. செகண்ட் பார்ட்டி கம்பெனி. தேர்ட் பார்ட்டி அந்த ஆளு."

எலும்பு முறிந்து ரோட்டில் கிடந்தவருக்கு மூன்றாவது இடம். விபத்தின்போது அந்த ஊரிலேயே இல்லாத கம்பெனிக்கு இரண்டாவது இடம். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கே இந்த வரிசை பிடிபடவில்லை.

விபத்து எப்படி நடந்தது என்று படிவத்தில் ஒரு கட்டம். தேங்காய் விஷயத்தைப் பாஸ்கரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"தேங்காய்னு எழுதினா கம்பெனில சிரிப்பாங்க மேடம். போலீஸ்ல என்ன சொன்னீங்க? குறுக்க வந்தான்னு தான? அதையே போட்ருவோம். ரெண்டு எடத்துலயும் ஒண்ணு போல இருக்கணும்."

அவரே இங்கிலீஷில் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்தது சர்வேயர். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் ஆள். திருப்பதி ஒர்க் ஷாப்பில் என் காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். அதிகம் பேசாத மனிதர். கண்ணாடிக்கு முழுசாகத் தருவார்களாம்; பம்பருக்குப் பாதிதானாம்.

"ரெண்டும் ஒரே அடியில தான சார் உடைஞ்சுது?"

"பம்பர் பிளாஸ்டிக். பழசாயிடும். அதனால பாதி."

"கண்ணாடி பழசாவாதா?"

"ரூல்படி ஆவாது."

தலையாட்டிக்கொண்டேன். அவர் குனிந்து பெடல் பக்கம் டார்ச் அடித்தார். கையை விட்டு எதையோ எடுத்தார். மஞ்சள் பூசிய தேங்காய்.

"இது என்ன மேடம்?"

பத்து நாளாக அழுத்தி வைத்திருந்ததையெல்லாம் அந்தத் தேங்காய் வெளியே கொண்டுவந்துவிட்டது. முழுக்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மெதுவாகச் சிரித்தார்.

"இதையே எழுதியிருக்கலாமே. உங்க தப்புன்னாலும் கிளெய்ம் வரும். தப்பே பண்ணாதவங்களுக்கு இன்சூரன்ஸ் எதுக்கு மேடம்? தப்பு நடக்கும்னுதான அதைப் போடறோம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் நான் சொன்ன பொய்யால் எனக்கு ஒரு லாபமும் இல்லையா?

"இப்ப மாத்தி எழுதித் தரட்டுமா சார்?"

"கொடுக்கறதுன்னா கொடுங்க. பில் எப்படியும் பாஸாயிடும்."

கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பில் பாஸாகும் என்ற வார்த்தையோடு என் மனசாட்சியும் பாஸாகிவிட்டது. கார் பளபளவென்று வீட்டுக்கு வந்தது. நானும் அதைக் கவர் போட்டு மூடிவிட்டு பஸ்ஸில் போகத் தொடங்கினேன்.

ஒரு வருடம் கழித்து, அடுத்த மாம்பழ சீசனில் இரண்டு கவர்கள் வந்தன. ஒன்று சித்தூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து — அஜாக்கிரதையாக ஓட்டிக் காயம் ஏற்படுத்தியதாக என் மேல் கிரிமினல் கேஸ். இன்னொன்று நஷ்டஈட்டு கேஸ். அதில் மனுதாரர்: தசரதன், பிச்சாட்டூர் பக்கத்து கிராமம். முதல் எதிர்மனுதாரர் நான். இரண்டாவது இன்சூரன்ஸ் கம்பெனி.

அவர் பெயர் தசரதன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வெட்கமாக இருந்தது.

கம்பெனியின் வக்கீலைப் பார்க்க சித்தூர் போனேன். காபி வரவழைத்தார். படு உற்சாகமாக இருந்தார். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

"நீங்கதான் மேடம் நமக்கு மெயின் சாட்சி. 'மொபெட் திடீர்னு குறுக்க திரும்பிச்சு'ன்னு கிளெய்ம் ஃபார்ம்ல தெளிவா எழுதியிருக்கீங்க. அதையே கோர்ட்லயும் சொல்லிடுங்க. போதும்."

"சொன்னா என்ன ஆகும் சார்?"

"உங்க தப்புன்னாதான் கம்பெனி அந்த ஆளுக்குக் குடுக்கணும். அவன் தப்புன்னா குடுக்க வேணாம். கிரிமினல் கேஸ்லயும் நீங்க விடுதலை ஆயிடுவீங்க. எல்லாருக்கும் நல்லது."

எல்லாருக்கும் என்றால்?

அடிபட்டவருக்குக் கொடுக்கத்தான் கம்பெனிக்கு வருடா வருடம் நான் பிரீமியம் கட்டுகிறேன். அந்தக் கம்பெனி அவருக்குக் கொடுக்காமலிருக்க வக்கீல் வைக்கிறது. அந்த வக்கீலுக்கு ஆயுதம் என் கையெழுத்து. தசரதனுக்கு நல்லது நடக்க வேண்டுமானால் நான் குற்றவாளியாக வேண்டும். நான் நல்லவளாக வெளியே வந்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது... இதைப் புரிந்துகொள்ள எனக்கு வீடு திரும்பும்வரை ஆனது.

"ஒண்ணு மட்டும் மேடம்," என்று வக்கீல் வாசல்வரை வந்து சொல்லியிருந்தார். "அந்த ஆளைப் போயிப் பாக்காதீங்க. எதிர்க்கட்சி."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பிச்சாட்டூர் பஸ் ஏறினேன்.

ஏரியைத் தாண்டி உள்ளே இரண்டு கிலோமீட்டர். காலனியில் இரண்டு அறை வீடு. தசரதனின் அப்பா காலத்தில் ஒரு சென்ட் நிலம் கிடையாதாம். இவர்தான் சீசனில் பங்காருபாளையம் மண்டிக்குப் போய் உழைத்து, மற்ற மாதங்களில் குத்தகைக்கு நிலம் பிடித்து வேர்க்கடலை போட்டு மேலே வந்தவர். சீசன் நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததிலேயே எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது.

என்னை யாரென்று அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்றார். மனைவி மஞ்சுளா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. வெயில்ல வந்துகீறீங்க. தண்ணி குடிங்க."

தசரதன் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஏம்மா... எம்மேல எதுக்கும்மா கேஸ் போட்டீங்க?"

"நானா? நீங்கதான என் மேல போட்டிருக்கீங்க?"

"ஐயோ, நான் எங்கம்மா போட்டேன்? ஆஸ்பத்திரில படுத்துக்கினு கெடந்தேன். போலீஸ்காரரு வந்து கேட்டாரு, சொன்னேன். அப்பால ஒரு வக்கீல் வந்தாரு. கையெழுத்து போடுன்னாரு. வலது கைதான கட்டு போட்டுகீது? எடது பெருவெரல எடுத்து மையில ஒத்திக்கினாரு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அவரும் போடவில்லை. நானும் போடவில்லை. ஆனால் இரண்டு கேஸ் நடக்கிறது!

சிரித்துவிட்டோம். மஞ்சுளா மட்டும் சிரிக்கவில்லை.

"கை இப்ப எப்படி இருக்குது?" என்றேன்.

நீட்டிக் காட்டினார். உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். விரல்கள் அசைகின்றன. ஆனால் உள்ளங்கையை மேலே திருப்ப முடியவில்லை.

"மண்டில எனக்கு கிரேடிங் வேலைம்மா. மாங்காயை எடுத்து அப்டியே பெரட்டிப் பாக்கணும். அடியில புள்ளி கீதா, எங்கியாவது அடிபட்டுகீதான்னு. ஒரு நாளைக்கி எத்தினி ஆயிரம் காய்! இப்ப கை பெரளல. போன வாரம் போயிப் பாத்தேன். ரெண்டாவது நாளே மேஸ்திரி, 'இன்ட்டிக்கி போப்பா'ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னைக் கொன்றது.

"நான் குறுக்க வந்தேனாமேம்மா? நீங்க எழுதிக் குடுத்ததை வக்கீல் படிச்சி சொன்னாரு. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். நான் நேராத்தான் போய்க்கினு இருந்தா மாதிரி கீது எனக்கு. ஆனா நீங்க படிச்சவங்க, கரெக்டாத்தான் எழுதியிருப்பீங்க. விழுந்த அதிர்ச்சில நான்தான் மறந்துட்டனோ என்னமோ..."

ஒரு மனிதரின் கையை உடைத்தது விபத்து. அவருடைய நினைவை அவரே சந்தேகப்பட வைத்தது? அது விபத்தில்லை. நான் உட்கார்ந்து, பேனா பிடித்து, நிதானமாகச் செய்தது.

"இல்லீங்க. உங்களுக்கு மறக்கல. நீங்க நேராத்தான் போனீங்க. நான்தான் ரோட்டைப் பாக்கல."

தேங்காய் உருண்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தசரதன் தன் கையைப் பார்த்தார். மஞ்சுளாதான் பேசினார்.

"தெரிஞ்சிக்கினே ஒரு வருசமா ஏம்மா சொல்லல?"

அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம், கோர்ட்டில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் திகைத்துவிட்டார். காரணம் இருந்தது. அமெரிக்காவில் எங்கள் மகளுக்கு அப்போது ஐந்தாவது மாதம். பிரசவத்துக்கு நான் போக வேண்டும். விசா படிவத்தில், எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது.

"நீ சொல்றது சரிதான் கலா. ஆனா அந்தப் பொண்ணு அங்க தனியா..." என்றார்.

மகளிடம் போனில் சொன்னேன். அழுதாள். கோபப்பட்டாள். போனை வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"சொல்லிடும்மா. இல்லன்னா இங்க வந்தும் நீ அதையேதான் நெனச்சிக்கினு ஒக்காந்திருப்பே."

கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன்: படிவத்தில் எழுதியது தவறு, நடந்தது இது. வக்கீல் போன் செய்து கத்தினார். "மேடம், நீங்க எந்தப் பக்கம்?"

"எனக்கே தெரியல சார்" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.

கார் ரிப்பேருக்குத் தந்ததைத் திரும்பக் கேட்பார்களோ என்றும் பயந்தேன். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. விளக்கினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஏற்றுக்கொண்டார்களா, கோபித்துக்கொண்டார்களா, தொலைத்துவிட்டார்களா? தெரியாது.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் என் முறை வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றேன். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். என்ன சொல்கிறீர்கள் என்று புரிந்துதான் சொல்கிறீர்களா என்று தெலுங்கில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறை கேட்டார். விபத்து நடந்த நாளிலிருந்து எனக்குத் தெளிவாகப் புரிந்த ஒரே கேள்வி அதுதான். ஆமாம் என்றேன்.

அபராதம். கூடவே, கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்ற தண்டனை. அதாவது சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார வேண்டும். நாற்பத்தாறு வயதில் பெஞ்சு தண்டனை! என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருந்தால் குதித்திருப்பார்கள்.

சாட்சி சொல்ல வந்திருந்த தசரதனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. போய்விடுவார் என்று நினைத்தேன். மத்தியானம் வாசலில் அனுமதி கேட்டு உள்ளே வந்து, இடது கையால் ஒரு பொட்டலத்தை நீட்டினார். எலுமிச்சை சாதம்.

"துன்னுங்கம்மா. அஞ்சு மணி வரைக்கும் எங்க போவப் போறீங்க? மஞ்சுளாதான் குடுத்துவுட்டுச்சு."

மஞ்சுளாதான் என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விசா? கேள்விக்கு 'ஆம்' என்று போட்டு, தீர்ப்பு நகலை இணைத்தேன். மறுக்கவில்லை. மேலும் விசாரிக்க வேண்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். விசா கைக்கு வருவதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நான்கு மாதம். மகள் அந்த நான்கு மாதமும் பெரியவர்கள் துணை இல்லாமல் எப்படிச் சமாளித்தாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மை சொன்னால் எல்லாம் சுபமாக முடியும் என்று நான் எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

போன சனிக்கிழமை சித்தூரில் லோக் அதாலத். சமரசமாகப் பேசித் தீர்க்கும் கோர்ட். நான் ஒப்புக்கொண்ட பிறகு கம்பெனிக்கு எதிர்த்துப் பேச ஒன்றும் இல்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தசரதனும் மஞ்சுளாவும் வக்கீலிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டு சம்மதம் சொன்னார்கள். அந்தத் தொகையில் ஒரு கறவை மாடும், குத்தகை நிலத்துக்கு ஒரு மோட்டாரும் என்று மஞ்சுளா முன்பே முடிவு செய்து வைத்திருந்தார். கை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

கையெழுத்துப் போட ஒரே மேஜை. அந்தப் பக்கம் தசரதன். இந்தப் பக்கம் நான். நடுவில் இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி, தாட்டியான மனிதர், நின்றுகொண்டே ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னாலிருந்து தசரதன் குரல் மட்டும் வந்தது.

"அம்மா, ரொம்ப நாளா கேக்கணும்னு கீறேன். இந்த சார் உங்க ஆளா, எங்க ஆளா?"

"எனக்கும் தெரியலீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கிறவரு."

"அப்ப கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கம்மா. உங்க மொகமே தெரியல!"